கர்ப்பம் இல்லாத நாளில் அவளை யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாநில எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொண்டோம். பதில் எழுதுவது எங்கள் மகளிர் மருத்துவக் குழு.

கேள்வி: பள்ளி விழாவில் இந்தியப் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செய்தியில் பிரசவ மரணம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்? — ஆசிரியை, செங்கோட்டை

இரண்டும் உண்மைதான், டீச்சர். ஒரே பெண்ணின் வாழ்க்கையில் இரண்டு வேறு காலங்களைப் பற்றி அவை பேசுகின்றன.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014–16 கணக்கில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 130 தாய்மார் இறந்தார்கள். 2018–20 கணக்கில் அது 97 ஆனது. அதே காலத்தில் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அஸ்ஸாமில் 195. நாட்டில் ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவம் 2005–06-இல் நூற்றுக்கு 39-தான். 2019–21-இல் அது 89-ஐத் தொட்டது. இது தானாக வந்ததில்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்ட் முறையில் போட்டு, இரவு 2 மணிக்கு வலி கண்டாலும் கதவு திறந்திருக்கும்படி செய்தார்கள். கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்கள் தாய்மார் மரணங்களைப் பெயர் மறைத்து அலசுகிறார்கள். யார் தலையில் பழி போடலாம் என்று பார்ப்பதில்லை. ஏற்றவேண்டிய ரத்தம் வர ஏன் தாமதம், ரத்தக்கொதிப்பு ஏன் கண்ணில் படவில்லை என்பதைத்தான் தேடுகிறார்கள்.

இனி ரத்தசோகைக்கு வாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 53. கூடியிருக்கிறது! ஆண்களில் 25 சதவீதம்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு தடவையாவது பரிசோதனை செய்துகொண்ட 30–49 வயதுப் பெண்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம். எடை கூடிய பெண்கள் 24 சதவீதம், எடை போதாத பெண்கள் 19 சதவீதம்.

எங்கள் கணிப்பைச் சொல்கிறோம். நம் சுகாதார ஏற்பாடு முழுவதும் பிரசவத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. பெண் கர்ப்பமானால் அவளுக்கு ஒரு எண் உண்டு, அட்டை உண்டு, தேடி வரும் நர்ஸம்மா உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடிந்ததும் அவள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதில் பெரியவளானவள் ஐம்பதில் மாதவிலக்கு நிற்கும்வரை ஏறக்குறைய 38 வருடம். அதில் கர்ப்பமாக இருப்பது இரண்டு பிள்ளைக்கு ஒன்றரை வருடம்.

உங்கள் ஊரையே உதாரணம் காட்டுங்கள். புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பெண்களின் சோகை 53 சதவீதம், அந்தப் பக்கம் கேரளத்தில் 36. மழையும் மலையும் ஒன்றுதான். மத்தியும் அயிலை மீனும் வாரத்தில் நாலு நாள் சட்டியில் விழுவதும், ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவைத் தடுக்கும் செருப்பும் கழிப்பறையும் முன்னாலேயே பரவியதும், பெண்கள் நீண்டகாலம் படிப்பதும் சேர்ந்து செய்த வேலை இது என்பது எங்கள் எண்ணம். ஆனால் கேரளம் முழுவதும் ஒரே சீர் என்று சொல்லிவிடாதீர்கள். பாலக்காடு மாவட்டத்துப் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியில் 2013-இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, சத்தும் ரத்தமும் இல்லாத தாய்மார்தான் முதலில் கண்ணில் பட்டார்கள்.

மேடையில் இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த ஆய்வு விரல்நுனி ரத்தத்தில் எடுத்தது. விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். அதனால் 57 என்பது சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று நிபுணர்களுக்குள் வாதம் உண்டு. முகாமில் உங்களுக்கு எடுக்கும்போதும் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, பிழியாமல் தானாகத் திரளும் சொட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறேன். ரத்தம் 8.6 என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் தின்றும் 8.8-தான். மாத்திரை போலியா, என் உடம்பில் ஒட்டவில்லையா? — வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

மாத்திரை போலி இல்லை அம்மா. அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 8.6 ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு; கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12-க்கு மேல் இருக்கவேண்டும். 8 முதல் 10.9 வரை நடுத்தரச் சோகை. ஒழுங்காக உடம்பில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் சுமார் 1 கிராம் ஏறியிருக்கவேண்டும். உங்களுக்கு ஏறவில்லை என்றால் ஏதோ ஒரு இடத்தில் ஒழுகுகிறது. அது எந்த இடம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் தேநீர் மேல். விடியும் முன்னே எழுந்து சோறு கட்டி, ஜீப்பில் மெட்டு ஏறி, பத்து பதினோரு மணிக்கு ஏலச்செடி நிழலில் கேரியரைத் திறக்கிறீர்கள். பக்கத்திலேயே தூக்குவாளியில் பாலில்லாத கட்டன்சாயா. சாப்பிட்ட கையோடு மாத்திரை, அதன்மேல் சாயா. தேயிலையின் துவர்ப்பு வயிற்றில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; பாதிக்கு மேல் வீணாகிவிடும். பால் ஊற்றினாலும் இதே கதைதான். மாத்திரைக்கு முன் ஒரு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். உங்கள் பொழுதுக்கு ஒத்துவரும் நேரம் இரவுதான்: ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள், படுக்கப்போகும்போது ஒன்பது மணிக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டவுடன் போடலாம். கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனாலும் நிறுத்துவதைவிட மேல்.

இரண்டாவது, கூடப் போடும் மாத்திரைகள். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக்கூடாது, குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். 'கேஸ் மாத்திரை' என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் தின்றால் வயிற்று அமிலம் குறைந்து இரும்பு கரையாது. தோட்டத்துப் பெண்கள் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறோம்.

மூன்றாவது, வரவைவிடச் செலவு அதிகம். சாதாரண மாதவிலக்கில் போவது 30–40 மி.லி. ரத்தம், அதோடு 15–20 மி.கி. இரும்பு போகும். 80 மி.லி.-க்கு மேல் போனால் அதிகப்போக்கு. யாரும் அளந்து பார்க்கமுடியாது. ஆகவே இப்படிக் கவனியுங்கள்: ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டியாக விழுகிறதா, மணிக்கொரு நாப்கின் நனைகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மூலத்தில் ரத்தம் போனாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே மாத்திரை, மென்று விழுங்கவேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கூடாது. பூட்ஸ் போடாமல் மறுபடி தோட்டத்தில் நின்றால் புழு மறுபடி ஏறும்.

இத்தனையும் சரிசெய்து இன்னொரு மாதம் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால், இது இரும்புக் குறையே இல்லாமல் இருக்கலாம். முழு ரத்தப் பரிசோதனை, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 எடுக்கச் சொல்லுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக்கோளாறின் கூறு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சிவப்பணு சிறுத்தே இருக்கும், இரும்பு கொட்டினாலும் மாறாது. வயநாடு, அட்டப்பாடி, நீலகிரி பழங்குடி மக்களிடம் பரம்பரையாக வரும் அரிவாள்செல் சோகையும் உண்டு. இரும்புக் குறைதான், ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது.

மலம் கருப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தாதீர்கள், அது மாத்திரையின் நிறம். தார்போல் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி. 12 வந்தபிறகும் 3 மாதம் தொடருங்கள், உடம்பின் இருப்பு அப்போதுதான் நிரம்பும். பெரும்பாலானவர்கள் தலைசுற்றல் நின்றதும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். இன்னொன்று: அந்தச் சிவப்பு மாத்திரை குழந்தைகள் கண்ணுக்கு மிட்டாய். ஐந்தாறு விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் போதுமா? — வாசகி, கொழிஞ்சாம்பாறை

போதாது. பெண்ணுக்கு ஒரு நாள் உணவில் வேண்டிய இரும்பு 29 மி.கி. ஒரு பேரீச்சம்பழத்தில் அரை மில்லிகிராம்கூட இல்லை. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. கம்பங்கூழ், முருங்கைக்கீரை, ஈரல், மத்தி, இவற்றோடு ஒரு நெல்லிக்காய்: இது சோகை வராமல் காக்கும் சாப்பாடு. வந்துவிட்ட சோகையைத் தீர்க்க மாத்திரை வேண்டும்.

கேள்வி: வயது 47. கடைசிப் பிரசவம் ஆகி 22 வருடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எதற்குப் போகவேண்டும்? என்ன செய்வார்கள்? — வாசகி, பழனி அருகில்

தொந்தரவு இல்லாதபோதே போகவேண்டிய பரிசோதனை இது. எச்பிவி என்ற வைரஸ் தொற்றி, அது நீங்காமல் தங்கி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் வலி இருக்காது. உறவுக்குப் பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்றபின் ரத்தம் என்று தெரியவரும்போது பல வேளை முற்றியிருக்கும். இந்தியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,27,000 பேருக்குப் புதிதாக வருகிறது, ஏறத்தாழ 80,000 பேர் இறக்கிறார்கள். பிரசவத்தில் இறப்பவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல்! ஆனாலும் ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்வது இதுதான். படுக்கவைத்து ஒரு கருவியால் பிறப்புறுப்பை விரித்து, கர்ப்பப்பை வாயில் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவுவார்கள். அது நீர்த்த வினிகர், லேசாகக் காந்தும். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கில் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தெரியாவிட்டால் 5 வருடம் கழித்து வந்தால் போதும். தெரிந்தால் அது புற்று என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப்பி என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, தேவையானால் குளிரூட்டியோ சூடுபடுத்தியோ அந்தத் திட்டை அழித்துவிடுவார்கள். 30 முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்கு இது.

இது பலன் தருமா என்பதற்கு உங்கள் மாவட்டமே சாட்சி. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000 முதல் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 30–59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை இந்த வினிகர் சோதனை செய்தார்கள். சில வருடத்தில் அந்த ஊர்களில் புற்று வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர்கூடச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை; படிப்பிலும் பிரசவத்திலும் முன்னால் நிற்கும் கேரளத்தில் அதைவிடக் குறைவு. இது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

விலக்கு நாட்களில் போகாதீர்கள். முன் இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். பெண் நர்ஸ்தான் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். உங்களுக்கு 47, விலக்கு நின்ற பிறகு மாற்றம் நடக்கும் பகுதி உள்ளே ஒதுங்கிவிடும், வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாது. இப்போதே போய்விடுங்கள். பிந்தினால் எச்பிவி சோதனைதான் நல்லது. பேத்தி இருந்தால் அவளுக்கு 9–14 வயதுக்குள் எச்பிவி தடுப்பூசி போடுங்கள். போட்டாலும் முப்பதில் சோதனை உண்டு.

கேள்வி: வயது 36. வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் எடுத்துவிட்டார்கள். எடுக்கலாமா? — வாசகி, பள்ளிப்பட்டு

வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது. தயிர்போல் திரிந்து அரித்தால் பூஞ்சை, ஒரே வேளை மாத்திரையில் அடங்கும். சாம்பல் நிறத்தில் மீன்வாடை என்றால் பாக்டீரியா. காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் கர்ப்பப்பை, கருக்குழாய்த் தொற்று. அதற்குப் பதினான்கு நாள் ஆன்டிபயாடிக், பெரும்பாலும் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை. நாலு நாளில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் திரும்ப வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்துதான் பலர் கடைசியில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார்கள்.

நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். உங்கள் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் ஏறக்குறைய 9. இந்தியாவிலேயே அதுதான் அதிகம். அநாவசிய ஆபரேஷன்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. தெருவில் ஐந்தாறு பேர் எடுத்திருப்பது உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுமுன் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு, கர்ப்பப்பை வாய்ச் சோதனை நாலும் கையில் இருக்கட்டும். அதிகப்போக்காக இருந்தால் மாத்திரை உண்டு; காப்பர்-டி போல உள்ளே வைத்து 5 வருடம் வேலைசெய்யும் ஹார்மோன் கருவியும் உண்டு. உண்மையிலேயே எடுக்கவேண்டி வந்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: 'சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?' நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையை 36 வயதில் எடுத்தால் அன்றைக்கே விலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்பு தேயும், இதயநோய் முன்னாலேயே வரும்.

கேள்வி: ஆறாம் மாதம். சர்க்கரைத் தண்ணீர் சோதனையில் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். ரீடிங் சரியாக இருக்குமா? — வாசகி, குமுளி

குடித்து 30 நிமிடத்துக்குள் வாந்தி என்றால் அந்தச் சோதனை செல்லாது. இன்னொரு நாள் மறுபடி செய்யவேண்டும். அரைமணிக்குப் பின் என்றால் தொடரலாம். முறை இது: 75 கிராம் குளுக்கோஸ், 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, 5–10 நிமிடத்தில் மெதுவாகக் குடிக்கவேண்டும். ஒரே மூச்சில் குடித்தால்தான் குமட்டும். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. 'வெறும் வயிற்றில் வா' என்று சொன்னால் மலையிலிருந்து இறங்கி வருகிறவள் அடுத்த முறை வரமாட்டாள் என்று தெரிந்து, சென்னை டாக்டர் சேஷய்யா வழிவகுத்த முறை இது. முதல் வருகையில் ஒன்று, 24–28 வாரத்தில் ஒன்று என இரண்டு முறை. சர்க்கரை இருந்தால், பிரசவம் ஆகி ஆறு வாரம் கழித்து மூன்றாவது முறையும் போங்கள். அந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இருப்பதால் இதையும் கேளுங்கள்: தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு எல்லாம் ஒரே பையில், எப்போதும் கையோடு. பிறப்புப் பதிவு பிள்ளை பிறந்த ஊரில்தான், 21 நாளுக்குள்.

கேள்வி: இரண்டு சிசேரியன் ஆயிற்று. குடும்பக் கட்டுப்பாடு எனக்குத்தான் செய்யவேண்டும் என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரர் செய்தால் பலம் போய்விடுமாம். — வாசகி, மார்த்தாண்டம்

போகாது. ஆணுக்குத் தழும்பு தெரியாத கருத்தடையில் தையல்கூட இல்லை. மரத்துப்போக ஊசி, இருபது நிமிடம், அன்றே வீடு. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் சைக்கிளும் பளுவும் வேண்டாம். விதையை எடுப்பதில்லை, குழாயை மட்டும் அடைக்கிறார்கள். மீசையும் ஆசையும் அப்படியே இருக்கும். தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: 3 மாதம் ஆணுறை போட்டு, விந்துச் சோதனையில் பூஜ்யம் என்று வந்தபிறகே நிறுத்தவேண்டும். நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். இரண்டு முறை வயிறு கிழிபட்ட பெண்ணையே மூன்றாவது முறையும் படுக்கச் சொல்வது நியாயமில்லை என்று உங்கள் மாமியாரிடம் நாங்கள் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு. — வாசகிகள் நால்வர், வண்டன்மேடு

தண்ணீரைக் குறைத்ததுதான் காரணம். மூத்திரப்பையில் நீர் தேங்கி நின்றால் கிருமி பெருகும். கழுவிவிட ஆள் இல்லாத சாக்கடைபோல. நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் குடியுங்கள், மூன்று நான்கு மணிக்கொருமுறை போய்வாருங்கள். நிறம் வைக்கோல்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் போதும், எண்ணெய் நிறமானால் போதவில்லை. ஜீப் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, உறவுக்குப் பின் ஒருமுறை. கழுவும்போது முன்னிருந்து பின்னால்.

கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு அடக்காதீர்கள். அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்குப் பணியாது. அடிக்கடி வருவதால் கல்ச்சர் செய்து, அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று பார்த்து முழு நாளும் சாப்பிடவேண்டும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வந்தால் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. உங்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் கடுப்பே இல்லாவிட்டாலும் சிறுநீர் சோதனை கட்டாயம்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டித் தருவது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே முதலாளியின் கடமை. நால்வரும் சேர்ந்து, தேதி போட்டு, எழுத்தில் கேளுங்கள். ஒரு நகலைத் தொழிற்சங்கத்திலும் ஒன்றை அந்தப் பகுதி தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கொடுங்கள். கட்டி முடியும்வரை, தார்ப்பாயால் நாலுபக்கம் மறைத்த குழிக் கழிப்பறையை நீரோடையிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.